அண்ணன் மறுத்த ஸ்பீடு பிஸ்டன்

அண்ணன் போய் ஒரு வருடம் ஆகிறது. நினைவு மலரில் நீயும் எழுது என்றார் அண்ணி. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். தெரிந்ததை எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது அடி அண்ணாமலையில். அப்பா சீக்கிரம் போய்விட்டார். இருந்த நிலத்தில் மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, போட்டோம். மழை இல்லாத வருடம் அதுவும் இல்லை. அண்ணன் வேலூர் போய் மோட்டார் சைக்கிள் வேலை கற்று வந்து, செங்கம் ரோட்டில் புளிய மரத்தடியில் பட்டறை போட்டார். அம்மாவுக்கு மருந்து, எனக்குத் துணிமணி, எல்லாம் அந்த மரத்தடியில் இருந்து வந்தது.

அப்போது இளவட்டங்களுக்கு ஸ்பீடு பிஸ்டன் மேல் ஆசை. கம்பெனி செய்வதல்ல, வெளியில் செய்து வருவது. கம்பெனி பிஸ்டனைவிடத் தலை உயரம். வண்டி சீறிக்கொண்டு போகும். கம்பெனி பிஸ்டன் மெட்ராஸில் இருந்து வரவேண்டும். விலையும் ஜாஸ்தி.

அண்ணன் எல்லாவற்றுக்கும் கம்பெனி என்று நிற்பவர் அல்ல. கிளட்ச் ஒயர், சைலன்சர் எல்லாம் வெளிச் சாமானே போடுவார். சிலது கம்பெனியைவிட நன்றாக உழைக்கும் என்பார். ஸ்பீடு பிஸ்டனையும் தன் வண்டியில் போட்டுப் பார்த்தார். கொஞ்ச நாள் பறந்தது. ஒருநாள் நல்ல வெயிலில் பிஸ்டன் பருத்து சிலிண்டரைப் பிடித்துக்கொண்டது. ஓடும்போதே பின்சக்கரம் நின்றுவிட்டது. முழங்கைத் தோல் போய் வீட்டுக்கு வந்தார்.

"என்னாச்சுண்ணா?" என்றேன்.

"சூடு தாங்கல" என்றார். பிஸ்டனைச் சொன்னார்.

எனக்குக் கீழ்பென்னாத்தூரில் மாப்பிள்ளை நிச்சயம் ஆனது. அவரிடம் சொந்த வண்டி இருந்தது. மறுவீட்டுக்கு என்னைப் பின்னால் உட்காரவைத்து, பஸ்ஸுக்கு முன்னால் திருவண்ணாமலை வந்து காட்டுவதாகச் சிநேகிதர்களிடம் சொல்லியிருந்தார். பிஸ்டன் தேய்ந்த வண்டியை அண்ணனிடம் கொண்டுவந்தார். மாப்பிள்ளை கேட்டதைப் பெண் வீட்டார் மறுக்கும் வழக்கம் எங்கள் பக்கம் இல்லை. அதுவும் பத்திரிகை அடித்த பிறகு. சோறு கொண்டுபோன நான் மரத்துக்குப் பின்னால் நின்றுவிட்டேன்.

"மச்சான், ஸ்பீடு பிஸ்டன் போட்டுடுங்க. கல்யாணத்துக்குள்ள வேணும்."

"கம்பெனி பிஸ்டன் சொல்லி அனுப்பியிருக்கேன் மாப்ள."

"அது எப்ப வரும்?"

"வரும்போது வரும்."

"மாப்ள கேட்டா இல்லன்றீங்களே!"

"தங்கச்சியக் கேட்டீங்க, தரேன்னுட்டேன். இத மட்டும் கேக்காதீங்க."

"நான் வேலூர்ல போட்டுக்கறேன்."

"போட்டுக்கங்க. அவ பஸ்ல வருவா."

மாப்பிள்ளை வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

அம்மா அழுதார். "ஒரு பிஸ்டனுக்காகப் பொண்ண வீட்டோட வெச்சிக்கப்போறியாடா?"

"வெச்சிக்கறேன். உசுரோட இருப்பா" என்றார் அண்ணன். என்னைப் பார்க்கவில்லை. அம்மாவும் அவரும் அன்று சாப்பிடவில்லை.

கீழ்பென்னாத்தூரில் இருந்து சேதி இல்லை. பந்தல்காரருக்குச் சொல்லலாமா, வேண்டாமா என்று பெரியப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். அப்புறம் ஒரு காலையில் பஸ் மேலே வண்டியைக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளை வந்து இறங்கினார்.

"வண்டிய வெச்சிக்கங்க மச்சான். எங்கம்மாவும் உங்க கட்சியாம்."

கல்யாணம் நடந்தது. கம்பெனி பிஸ்டன் அதற்குள் வரவில்லை. மறுவீட்டுக்கு இருவரும் பஸ்ஸில் வந்தோம். அவருடைய சிநேகிதர்கள் பஸ் ஸ்டாண்டிலேயே நின்றிருந்தார்கள்.

"பஸ்ஸுக்கு முன்னாடி வரேன்னியேடா!"

"டிரைவர் பக்கத்துலதான்டா உக்காந்து வந்தேன். அது முன்னாடி இல்லியா?"

அண்ணன் அன்று வாய்விட்டுச் சிரித்தார். பிஸ்டன் வந்ததும் அவரே வண்டியைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் நிறுத்தினார். அந்த வண்டியில்தான் நான் பிரசவத்துக்கு வந்தேன். பிள்ளைகளும் அதில்தான் பள்ளிக்கூடம் போனார்கள்.

கடைசியில் அண்ணனுக்குச் சிறுநீரகம் கெட்டது. வேலூர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். என் வீட்டுக்காரர் கட்டில் பக்கம் உட்கார்ந்து கேட்டார்.

"மச்சான், உண்மைய சொல்லுங்க. அந்தப் பிஸ்டன் போட்டிருந்தா பஸ்ஸ முந்தியிருப்பேன்ல?"

"முந்தியிருப்பீங்க மாப்ள. அதுக்குத்தான் பயந்தேன்."



ரத்தம் கொடுத்த பட்டறைக்காரர்களுக்கும், இரவும் பகலும் பார்த்துக்கொண்ட அண்ணிக்கும், தோள் கொடுத்தவர்களுக்கும், வந்து நின்ற எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அண்ணனுக்கு நான் நன்றி சொன்னதில்லை. கூடப்பிறந்தவரிடம் அதைச் சொல்லும் பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அச்சில் சொல்லலாம் என்கிறார் அண்ணி. சொல்லிவிட்டேன்.