மலைக்காக மாற்றிய ஆயில்

மில் வேலையை விட்டுவிட்டு வாடகைக் கார் ஓட்ட இறங்கினேன். கார் புதிதில்லை. திருநகரில் இருந்த என் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், வைத்திருந்தது. "வெண்ணெய் மாதிரி வழுக்கிட்டுப் போகும் மாப்ள" என்று சொல்லித்தான் விற்றார். சும்மா சொல்லக் கூடாது, மதுரைக்குள் அப்படித்தான் போனது. அது ஓடினால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரியும்.

மார்கழியில் ஒரு டீச்சரம்மா தன் தாயாரோடு கிறிஸ்துமஸுக்குக் கொடைக்கானல் போகக் காரைக் கேட்டார். நமக்கு மார்கழி என்றால் காதைச் சுற்றி ஒரு துண்டு, அதோடு சரி. மலையில் அப்படியா? சிம்மக்கல் ஆயில் கடைக்காரரிடம் விசாரித்தேன்.

"இப்ப என்ன ஆயில் கெடக்கு?" என்று கேட்டார்.

"அம்பது நம்பர்ண்ணே. மச்சான் ஊத்துனது."

"அது கெட்டி ஆயிலு, நம்மூரு வெயிலுக்கு. அங்கன ராத்திரிக் குளிர்ல அல்வாவா இறுகிப்போகும். காலைல சாவியத் திருகத் திருக பேட்டரிதான் உசிர விடும். முப்பது ஊத்திக்க."

பழையதை இறக்கினால் கம்பங்கூழ் மாதிரி விழுந்தது. புதியது தண்ணீராய் ஓடியது. வண்டிக்குப் பெரிய நல்லது செய்துவிட்ட நினைப்பு எனக்கு.

வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறும்போது கண்ணாடியைப் பார்த்தேன். பின்னால் ரோட்டைக் காணோம்! நீலப் புகை. எஞ்சினுக்குள் தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு உலுக்குகிற சத்தம். டீச்சரம்மாவின் தாயார் மூக்கைப் பொத்திக்கொண்டு தோளைத் தட்டினார்.

"தம்பி, காருன்னுதான சொன்ன? கொசு மருந்து அடிக்கிற வண்டியில ஏத்திட்டியே!"

ஸ்டீயரிங்குக்கு முன்னால் ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தது. நிறுத்தி, அளவுக் கம்பியை உருவினேன். நுனியில் மட்டும் ஈரம். காலையில் நிறைய இருந்த ஆயில் எங்கே போனது? டீச்சரம்மாவும் தாயாரும் பின்னால் வந்த பஸ்ஸில் ஏறிக்கொண்டார்கள். "பத்திரமா எறங்கு தம்பி, ஒனக்கும் சேத்து செபம் பண்றோம்" என்று அந்தத் தாயார் ஜன்னல் வழியே சொன்னபோது என்னால் தலையை நிமிர்த்த முடியவில்லை.

கிடைத்த ஆயிலை ஊற்றி ஊற்றி ஊர் வந்து சேர்ந்தேன். வழியெல்லாம் கடைக்காரருக்குத்தான் திட்டு. போலி ஆயிலைத் தலையில் கட்டிவிட்டான், சும்மா விடுவதா? நியாயம் கேட்க மச்சானைத் துணைக்கு அழைக்கலாம் என்று நேரே திருநகர் போனேன். மனைவியும் அன்று அங்கேதான் இருந்தாள். அண்ணனுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள்.

நடந்ததைச் சொன்னேன். மச்சானுக்கு வந்ததே கோபம், என் மேல்!

"யாரு மாப்ள ஒங்கள ஆயில மாத்தச் சொன்னா? ரிங்கெல்லாம் தேஞ்ச எஞ்சினு. கெட்டி ஆயிலுக்குத்தான் புகையும் சத்தமும் அடங்கிக் கெடந்துச்சு. தண்ணியா ஊத்துனா ஆயிலக் குடிச்சுப் புகையாத்தான விடும்?"

மனைவியின் கையில் ரசக் கரண்டி அந்தரத்தில் நின்றது.

"அப்ப விக்கும்போதே ஒனக்குத் தெரியுமாண்ணே?"

அப்போதுதான் என்ன சொல்லிவிட்டோம் என்பது அவருக்கே உறைத்தது. சோற்றைப் பார்த்துக்கொண்டு முனகினார்.

"மதுரைக்குள்ளயே ஓட்டுவாருன்னு நெனச்சேன். மலை ஏறுவாருன்னு நான் என்ன கண்டேன்?"

மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். "சாவிய அங்கனயே வச்சிட்டு வாங்க" என்றாள்.

வைத்தேன். டவுன் பஸ்ஸில் வீடு வந்தோம்.