நானாவுக்குக் கொண்டுபோன கேக்

அறுபதுகளின் தொடக்கத்தில் இலங்கையில் இறக்குமதி வெண்ணெய் கடைகளில் தட்டுப்படாமல் போயிற்று. நான் அப்போது ஹட்டனுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் ஆசிரியர். நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்மஸுக்கு, கேக் சுடுவது எங்கள் வீட்டில் என் வேலை. கைவசம் கொஞ்சம் மாஜரின்தான் இருந்தது. தோட்டத் துரை பங்களாச் சமையற்காரர், உருக்கி வடித்த பன்றிக்கொழுப்பு ஒரு போத்தல் கொடுத்தார்.

"வெண்ணெய் போடுற அளவுல காப்பங்கு கொறைச்சுக்கங்க. உப்பு ஒரு சிட்டிகை சேருங்க."

கொழுப்பில் செய்தது எங்களுக்கு. மாஜரினில் செய்தது, டவுனில் கடை வைத்திருந்த முஸ்லிம் நண்பருக்கு. நானா என்று அழைப்பேன். பெருநாளுக்கு அவர் வீட்டு வட்டிலப்பம் எங்களுக்கு வரும்; நத்தாருக்கு எங்கள் தட்டு அங்கே போகும். அந்த வருடம் தணல் மிஞ்சி அவருடைய கேக் கருகிவிட்டது. வெறுங்கையோடு போகக் கூசினேன். வாழைப்பழம் கொண்டுபோயிருக்கலாம். அவர் தொடவே கூடாத மற்றக் கேக்கை வெட்டித் தட்டில் அடுக்கினேன்.

நின்றபடியே ஒரு துண்டை வாயில் போட்டார்.

"பஞ்சு மாதிரி இருக்கே மாஸ்டர்! என்ன போட்டீங்க?"

"மாஜரின்தான் நானா."

பிறகு செய்முறை கேட்டார். மாஜரின் என்றே எழுதிக் கொடுத்தேன். அவர் மனைவி மூன்று தடவை சுட்டும் அந்தப் பதம் வரவில்லையாம். அதன்பின் என் தலை தெரிந்தால் போதும், ஆட்கள் முன்னால் கூவுவார்: "புள்ளைகளுக்காவது முழுசாச் சொல்லிக் குடுக்கிறீங்களா, இல்ல அங்கயும் பாதிதானா?"

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சாமான் வாங்க வேறு தெருவுக்குப் போகத் தொடங்கினேன். பஸ்ஸில் போனாலும் அவர் கடைப் பக்கம் திரும்பமாட்டேன். மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன். சொல்லவேண்டியவரிடம் சொல்லவில்லை.

அடுத்த நத்தாருக்கு முன் அவரே எங்கள் வீட்டுக்கு மேடேறி வந்தார், மூச்சு வாங்க. கையில் எங்கோ தேடிப் பிடித்த வெண்ணெய் டின்.

"கோவமா மாஸ்டர்? வெளையாட்டுக்குத்தானே சொன்னேன். ரகசியம் உங்ககிட்டயே இருக்கட்டும். கடைக்கு மட்டும் வாங்க."

என் மனைவி உள்ளே தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். வாசலில் நாங்கள் இருவரும்தான்.

"கோவமெல்லாம் இல்லீங்க நானா. பள்ளிக்கூட வேலை."

அந்த வெண்ணெயில் சுட்டுக் கொண்டுபோனேன். தின்றுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. போன வருசத்துது மாதிரி வரல்ல" என்றார்.

சில வருடங்கள் கழித்து அவர் மௌத்தான செய்தி வந்தது. இனி அவர் கேட்கமாட்டார் என்ற நிம்மதிதான் எனக்கு முதலில் வந்தது. துக்கம் பிறகு வந்தது.