பன்னிரண்டு காம்பரா பங்களா

கணினிக்குக் கண் இருக்கிறது என்று நான் நம்பினேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீங்கள் கேட்டுச் சிரிப்பதைவிட, நானே சொல்லிவிடுவது எனக்குக் கொஞ்சம் மரியாதை.

நம்பியதற்குக் காரணம் உண்டு. ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு முஸ்லிம் நானா கொமியுனிகேஷன் கடை வைத்திருந்தார். போன், போட்டோ கொப்பி, லெமினேட்டிங் என்று நடந்துகொண்டிருந்த கடையில் இரண்டு கணினிகள் வந்து இறங்கியிருந்த காலம். இரண்டாயிரம் பிறந்து ஏழெட்டு வருடம் ஆகியிருக்கும். ஒரு நாள் அவர் ஆகாயத்திலிருந்து எடுத்த ஹட்டனைத் திரையில் காட்டினார். தண்டவாளம் மங்கலாகத் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் நகர்த்தினால் தேயிலை மலை, அதன் நடுவே படுக்கவைத்த தீப்பெட்டி போல எங்கள் லயம்.

“இது ஒங்கட கூரை தானே மாஸ்டர்?” என்றார் நானா.

என் கூரையேதான். அன்றைக்கே ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். இந்தப் பெட்டி மேலேயிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. எங்கள் வீட்டில் எந்தத் தகரத்தில் எத்தனை ஓட்டை என்பது அதற்குத் தெரியாமலா இருக்கும்?

அப்போது நான் தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தேன் என்பதை இங்கே எழுதாமல் விட்டிருக்கலாம்.

ஆனால் கூரைக் கவலை விளையாட்டல்ல. மனைவி தலைப்பிரசவத்துக்கு ராகலையில் இருந்த தாய் வீட்டுக்குப் போயிருந்தாள். மகள் பிறந்து ஐம்பது நாள் ஆகியிருந்தது. நான் அவளை மூன்று தடவைதான் பார்த்திருந்தேன், மூன்று தடவையும் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். ஒற்றை அறையான எங்கள் காம்பராவில் மழைக்கு மூன்று இடத்தில் ஒழுகும். அதில் ஒன்று சரியாகத் தொட்டில் கட்டும் இடத்துக்கு மேலே.

“கூரைய சரி பண்ணிட்டு சொல்லுங்க, வர்றேன்,” என்றாள் மனைவி போனில். “வாளிக்குப் பக்கத்துல பிள்ளைய போட்டுட்டு என்னால இருக்க முடியாது.”

“வாளிய எடுத்துர்றேன்.”

“வாளிய எடுத்தா தண்ணி எங்க விழும்?”

இதற்கு விஞ்ஞானத்தில் பதில் இல்லை.

லயம் என்றால் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பன்னிரண்டு குடும்பம். ஆளுக்கொரு காம்பரா. அம்மா தோட்டத்தில் கொழுந்து எடுத்த காலத்தில் கிடைத்த காம்பராவில்தான் நான் இருந்தேன். கூரை தோட்டத்துக்குச் சொந்தம். அதில் ஓர் ஆணி அடிப்பதென்றாலும் ஒப்பீசில் கேட்க வேண்டும். மூன்று கடிதம் கொடுத்தேன். மூன்றுக்கும் “பார்க்கலாம்” என்று பதில் வந்தது. டவுனில் கூரை வேலை செய்யும் பாஸ்மாரைக் கேட்டால், “லயத்துக் கூரையா? தொரைகிட்ட கடுதாசி வாங்கிட்டு வாங்க” என்று கையை விரித்தார்கள். கடுதாசி கேட்காத பாஸ் ஒருவர் இந்த உலகத்தில் எங்காவது இருக்க மாட்டாரா என்று நான் ஏங்கிக்கொண்டிருந்தபோதுதான் நானா வழி காட்டினார்.

“இப்ப இதுக்கெல்லாம் இன்டர்நெட்டுல ஒரு இடம் இரிக்கி மாஸ்டர். என்ன வேலைன்னு எழுதிப் போட்டா, அதுக்கு ஏத்த பாஸ அதுவே தேடி எடுத்து அனுப்பும். கலியாணத் தரகர் மாதிரி.”

நானும் நானாவும் ஒரே நாற்காலியில் பாதிப் பாதியாக உட்கார்ந்து படிவத்தை நிரப்பினோம். வீட்டு இலக்கம், தெரு என்று கேட்டது. எங்களுக்கு அது இரண்டும் கிடையாது. தோட்டத்தின் பெயர், ஹட்டன், அவ்வளவுதான் முகவரி. முந்நூறு குடும்பத்துக்கும் அதே முகவரிதான். எத்தனை அறைகள் என்று கேட்டது. எங்கள் லயத்தை ஊரே பன்னிரண்டு காம்பரா லயம் என்றுதான் சொல்லும், ஆகவே பன்னிரண்டு. எப்போது கட்டியது? வெள்ளைக்காரன் காலத்தில்.

“வீட்டச் சுத்தி என்ன இரிக்கி?” என்றார் நானா.

“தேயில.”

“எவ்வளவு தூரத்துக்கு?”

“கண்ணுக்கெட்டுன தூரத்துக்கு.”

இருந்த அளவுகளிலேயே பெரியதைத் தேடி அமுக்கினார். சொந்தக்காரரா, வாடகைக்காரரா என்பது கடைசிக் கேள்வி. நான் யாருக்கும் வாடகை கொடுப்பதில்லை. ஆகவே சொந்தக்காரர்.

எனக்கு உள்ளுக்குள் ஒரு சின்ன உறுத்தல் இருந்ததுதான். ஆனாலும் மேலேயிருந்து பார்க்கிற பெட்டி, நாம் எழுதியதில் பிழை இருந்தால் தானே திருத்திக்கொள்ளாதா?

பொத்தானை அமுக்கியதும் பொருத்தமானவர்கள் மூவர் கிடைத்திருப்பதாக வந்தது.

“எனக்கு ஒருத்தர் போதுமே நானா.”

“மூணு பேரும் பேசுவாங்க. நீங்க ஒருத்தர எடுங்க.”

“மத்த ரெண்டு பேரும் கோவிச்சுக்க மாட்டாங்களா?”

நானா என்னைப் பார்த்த பார்வையில் என் பல்கலைக்கழகப் பட்டம் கொஞ்சம் சுருங்கிப்போனது.

மறுநாளே கொழும்பிலிருந்து ஒரு பெண்மணி ஆங்கிலத்தில் கூப்பிட்டார். வீட்டுக்குள் நெருப்பு மூட்டும் இடம் எத்தனை என்று கேட்டார். ஒரு காம்பராவுக்கு ஓர் அடுப்பு, பன்னிரண்டு என்றேன்.  உடனே அவர் குரலில் ஒரு பணிவு வந்துவிட்டது, சனிக்கிழமையே வருவதாகச் சொன்னார்.

இரண்டாவதாகக் கூப்பிட்டவர் கண்டிப் பக்கத்துச் சிங்களப் பெரியவர். “மஹத்தயா இன்னவாத?” என்றார். ஐயா இருக்கிறாரா என்று என்னைப் பற்றி என்னிடமே யாரும் அதுவரை கேட்டதில்லை. பயந்துபோய், மஹத்தயா வெளியே போயிருக்கிறார், நான் வீட்டு வேலைக்காரன் என்று சிங்களத்தில் உளறிவிட்டேன். உடனே அவர் குரல் தடித்தது. சனிக்கிழமை காலை வருகிறோம், மஹத்தயாவிடம் சொல், மறந்தால் தெரியும் சேதி என்று அதட்டினார். சொல்கிறேன் என்றேன். போனை வைத்துவிட்டு என்னிடம் சொல்லவும் சொன்னேன்.

சனிக்கிழமை காலை வாசலில் நின்று முகம் சவரம் செய்துகொண்டிருந்தேன். தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் பங்களாவில் சமைக்கிற அப்பு, கையில் கரண்டியோடு படியிறங்கி ஓடிவந்தார்.

“மாஸ்டர்! ஒங்களுக்கு என்ன கிறுக்கா புடிச்சிருக்கு?”

“ஏண்ணே, என்ன?”

“பங்களாவ விக்கிறீங்களாமே!”

“எந்த பங்களாவ?”

“நமக்கு எத்தன பங்களா இருக்கு? தொரை பங்களாவத்தான்! மூணு வண்டி வந்து நிக்கிது. ஒருத்தன் பொகக்கூண்டுல ஏறிட்டான். ஒரு அம்மா தொரை படுக்கிற அறைய நாடா புடிச்சு அளக்குது. தொரை கட்டுன சாரத்தோட நிக்கிறாரு. எல்லார் கையிலயும் ஒங்க பேரு போட்ட கடுதாசி.”

“அங்க எப்புடிண்ணே போனாங்க?”

“கேட்டுல வாச்சர்கிட்ட பன்னெண்டு அறை வீடு எதுன்னு கேட்டிருக்காங்க. அவன் வேற எதக் காட்டுவான்? கோழிக்கூட்டையா?”

ஒரு மனிதன் கலவரத்தில் என்னென்ன செய்வான் என்பதற்கு அன்றைய என்னைக் கண்காட்சியில் வைக்கலாம். பாதி முகத்தில் சவுக்காரம். சட்டையை உட்புறம் வெளியே தெரியப் போட்டேன். பையில் இரண்டு சாரம், ஒரு டோர்ச், எதற்கென்று இன்றுவரை தெரியாத ஒரு சுத்தியல். குறுக்குப் பாதையில் விழுந்தடித்து பஸ் நிறுத்தத்துக்கு ஓடினேன். ராகலைக்குப் போய்விட வேண்டும். அங்கிருந்து இடமாற்றத்துக்கு எழுதிக் கேட்க வேண்டும். மூச்சு வாங்கிக்கொண்டே மனைவியைக் கூப்பிட்டேன்.

“நான் அங்கயே வந்துர்றேன்.”

“எதுக்கு?”

“பிள்ளையப் பாக்க.”

“கூரை?”

“அதுக்கு மூணு பேரு வந்திருக்காங்க.”

“மூணு பேரு வந்திருக்கையில நீங்க இங்க வந்து என்ன செய்யப் போறீங்க? கூரைய சுருட்டிப் பையில வச்சுக்கிட்டு வர்றீங்களா?”

பஸ் வந்து நின்றது. “ஏறுறீங்களா இல்லையா சேர்?” என்றார் கொண்டக்டர். நான் வானத்தைப் பார்த்தேன். கறுத்துக்கொண்டு வந்தது. போனில் பிள்ளை அழும் சத்தம் கேட்டது, இந்த முறை விழித்திருந்தாள் போலிருக்கிறது. நான் ஏறவில்லை. வீரம் என்று நினைத்துவிடாதீர்கள். ராகலையில் மாமியாரும் இருந்தார், பங்களாவில் துரை மட்டும்தான்.

பங்களா விறாந்தையில் துரை சாரத்தோடு நின்றுகொண்டுதான் இருந்தார். சிங்களவர், ஆனால் தோட்டத்திலேயே காலம் கழித்து எங்கள் தமிழ் நன்றாக வரும்.

“வாங்க மாஸ்டர். ஒக்காருங்க,” என்றார். “ஒங்க பங்களா தானே.”

கொழும்புப் பெண்மணி நோட்டுப் புத்தகத்தோடு எழுந்து எனக்கு வணக்கம் வைத்தார். கூப்பிடாமலே வந்த மூன்றாமவர் கழுத்தில் கமரா மாட்டிய ஒரு தமிழர், புகைக்கூண்டிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தார். நான் பதில் வணக்கம் சொன்ன குரலைக் கேட்டதுமே, போனில் பேசிய வேலைக்காரன் என்று கண்டிப் பெரியவர் பிடித்துவிட்டார். துரையைக் காட்டி, நான் சொன்னதை உன் மஹத்தயாவிடம் சொன்னாயா இல்லையா என்று சிங்களத்தில் பாய்ந்தார்.

எல்லாவற்றையும் சொன்னேன். படிவத்தில் லயம் என்று எழுத இடம் இல்லாதது, வாடகை கொடுக்காதது, அடுப்புக் கணக்கு, பிள்ளை, வாளி. சொல்லச் சொல்ல எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.  கொழும்புப் பெண்மணி நோட்டுப் புத்தகத்தை மூடினார். “இவ்வளவு தூரம் வந்துட்டோம், அந்த பன்னெண்டு அறையையாவது காட்டுங்க” என்றார் கமராக்காரர். துரை காற்சட்டை மாற்றிக்கொண்டு எங்களோடு இறங்கினார். எங்கள் லயத்துக்கு அவர் கடைசியாக எப்போது வந்தார் என்பது லயத்தில் யாருக்கும் ஞாபகமில்லை.

பெரியவர் என் காம்பராவுக்குள் வந்து, வாங்குப் பலகையின் மேல் ஏறி, தகரத்தை ஒரு விரலால் தட்டினார். விரல் வெளியே போய்விட்டது. அதை இழுத்துப் பார்த்துவிட்டு, இது எத்தனை வருடமாக இப்படி இருக்கிறது என்று துரையிடம் கேட்டார். துரை என்னைப் பார்த்தார். நான் வாளியைப் பார்த்தேன். அதற்குள் கமராக்காரர் வரிசையாகப் பன்னிரண்டு காம்பராவையும் படம் எடுத்துக்கொண்டு போனார்.

“எதுக்கு படம்?” என்றார் துரை.

“வேலைக்கு முன்னுக்கு ஒன்னு, பின்னுக்கு ஒன்னு போடுவோம் சேர், எங்க பக்கத்துல. இன்டர்நெட்டுல.”

“யாரு பாப்பாங்க?”

“யாரும் பாக்கலாம் சேர். வெளிநாட்டுல இருந்துகூட.”

“தோட்டத்துப் பேரும் போடுவீங்களா?”

“முகவரி இருக்குதானே சேர்.”

துரையின் முகத்தில் அப்போது வந்த நிறத்தை நான் அதற்கு முன் கண்ணாடியில் மட்டும்தான் பார்த்திருந்தேன். படத்தைப் போட வேண்டாம், வேலையைத் தோட்டமே பார்த்துக்கொள்ளும் என்று மூவரையும் தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பிவைத்தார்.

செவ்வாய்க்கிழமை டிரக்டர் நிறையப் புதுத் தகரம் வந்து இறங்கியது. என் மூளைதான் இதற்கெல்லாம் காரணம் என்று லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். மனைவிக்குப் போன் போட்டு வரச் சொன்னேன். வியாழக்கிழமை மத்தியான பஸ்ஸில் வருவதாகச் சொன்னாள்.

புதன்கிழமை தோட்டத்து ஒப்பீசின் கிளாக்கர் ஒரு பட்டியலோடு வந்தார்.

“மாஸ்டர், பதினோரு காம்பராவுக்குத்தான் தகரம். ஒங்களது இதுல இல்ல.”

“ஏன்?”

“நீங்க செக்ரோல்ல இல்லியே. தோட்டத்துல பேரு பதிஞ்ச தொழிலாளிக்குத்தான் கூரை. நீங்க கவர்மெண்டு ஆளு. கவர்மெண்டுகிட்ட கேளுங்க.”

“பிள்ள நாளைக்கு வருது கிளாக்கரையா!”

“பிள்ளையும் செக்ரோல்ல இல்லியே மாஸ்டர்.”

நானா கடைக்கு ஓடினேன். படிவத்தை இந்த முறை உண்மையாக நிரப்பினேன். அறைகள்: ஒன்று. காணி: இல்லை. சொந்தக்காரரா: இல்லை. பொத்தானை அமுக்கினோம். பொருத்தமானவர் எவரும் இல்லை என்று வந்தது. நானா திரையைத் துணியால் துடைத்துவிட்டு இன்னொரு தரம் அமுக்கிப் பார்த்தார். அதுவேதான் வந்தது.

வியாழக்கிழமை காலை தோட்டத்து வேலையாட்கள் பதினோராவது காம்பராவோடு ஏணியை இறக்கினார்கள். கழற்றிய பழைய தகரம் முற்றத்தில் குவிந்து கிடந்தது. நான் அதன் பக்கத்தில் வாளியோடு உட்கார்ந்திருந்தேன். கொழுந்து நிறுக்க மலையிலிருந்து இறங்கி வந்த அடுத்த காம்பரா அக்கா, கூடையை இறக்காமலே என்னைப் பார்த்தார்.

“ஏன் மாஸ்டர், எழவு வீடு மாதிரி ஒக்காந்திருக்கீங்க?”

சொன்னேன்.

“அட, இதுக்கா?” என்றவர் ஏணிக்காரர்கள் பக்கம் திரும்பினார். “ஏய், ஏணிய எங்க தூக்கிட்டுப் போறீங்க? அந்தக் குவியல்ல ஓட்ட இல்லாததா பாத்து எடுத்து மாஸ்டர் வீட்டு மேல போடுங்க. ஒன்னு பத்தாது, ரெண்டு அடுக்காப் போடுங்க. பச்சப்புள்ள வருது.”

ஒப்பீசில் யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவுமில்லை. ஏணிக்காரர்கள் இருவரும் ஒன்றரை மணித்தியாலத்தில் வேலையை முடித்தார்கள். பொத்தானை அமுக்கி வந்த மூவரும் எங்கள் லயத்தில் ஓர் ஆணிகூட அடிக்கவில்லை.

மத்தியான பஸ்ஸில் மனைவி மகளோடு வந்து இறங்கினாள். பின்னேரம் மழை பிடித்தது. அந்தக் காம்பராவில் பிறகு ஆறு வருடம் இருந்தோம். ஒழுகவில்லை.