படத்தில் வராத நாலு மைல்

எழுபதுகளின் முடிவில், நான் போட்டோகிராபராக இருந்த பத்திரிகை அலுவலகம், தூரத்தில் இருப்பதை இழுத்துக் காட்டும் முந்நூறு எம்.எம். நீள லென்ஸ் ஒன்றை வாங்கியது. அழகர் ஆற்றில் இறங்கும்போது கூட்டத்துக்குள் நசுங்காமல் பாலத்தில் நின்றே படம் எடுக்கலாம் என்பது காரணம். மற்ற நாட்களில் அது சிம்மக்கல் அலுவலகத்தின் இரும்பு அலமாரியில் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கையெழுத்துப் போட்டு அதை எடுத்துக்கொண்டு திருப்பரங்குன்றம் மலைக்குப் போவேன்.

நிலக்காட்சிக்கு அகன்ற லென்ஸ்தான் சரி என்பார்கள். மதுரையைச் சுற்றியுள்ள சமவெளியை அதில் பார்த்தால் முக்கால் பங்கு வானம், கால் பங்கு மண், அவ்வளவுதான். நீள லென்ஸ் அந்த மண்ணை அடுக்கித் தரும். பனைகள், கண்மாய்க் கரை, வீடுகள் எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக நெருங்கி நிற்கும். இடையில் உள்ள தூரம் படத்தில் வராது. எனக்கு அது பிடித்திருந்தது.

மழை இரண்டாவது வருடமும் பொய்த்தபோது ஒரு வாத்தியார் என்னைத் தேடி அலுவலகத்துக்கு வந்தார். மலைக்குத் தெற்கே நாற்பது வீடுள்ள ஊரின் பள்ளிக்கூடத்தில் அவர் ஒருவர்தான் ஆசிரியர். அதே ஊர்க்காரரும்கூட. கிணறுகள் வற்றிவிட்டன. வாரம் இரண்டு முறை அரசாங்கத் தண்ணீர் லாரி வந்துகொண்டிருந்தது, அதை நிறுத்தப்போகிறார்கள் என்று பேச்சு.

"அண்ணே, எங்க கண்மாய ஒரு போட்டோ எடுத்துப் பேப்பர்ல போட்டு விடுங்க. லாரி நிக்காம வந்தாப் போதும்."

"ஞாயித்துக்கிழமை காலையில வாரேன் சார்" என்றேன்.

போகும் வழியில் மலை இருந்தது. காலை வெளிச்சமும் நன்றாக இருந்தது. ஊருக்குள் போவதற்கு முன் மேலிருந்து ஒன்று எடுத்துவிடலாம் என்று ஏறினேன். லென்ஸில் வெடித்த கண்மாய் தெரிந்தது. எனக்காகப் பெண்கள் காலிக் குடங்களை அதன் நடுவே வரிசையாக வைத்திருந்தார்கள். அதற்குப் பின்னால் ஓட்டு வீடுகள். வீடுகளுக்கு மேல் வெள்ளையாக ஒரு பட்டை. வைகைக் கால்வாய் பாயும் வேறொரு பெரிய கண்மாயில் மிஞ்சிக் கிடந்த தண்ணீர் அது. அந்த வெள்ளைதான் படத்தைத் தூக்கி நிறுத்தியது. இதற்கு மேல் நல்ல படம் கிடைக்காது என்று தோன்றியதால் இறங்கி நேராக அலுவலகத்துக்குத் திரும்பிவிட்டேன். ஊர் மத்தியானம் வரை வெயிலில் காத்திருந்தது பிறகுதான் தெரிந்தது.

படக்குறிப்பையும் நானே எழுதினேன். ஊரின் பெயர், வறண்ட கண்மாய், மலையிலிருந்து ஒரு காட்சி. எதுவும் பொய்யில்லை. ஆனால் அச்சில் வெடிப்புகள் மையில் அடைபட்டுப்போயின. குடங்கள் காணாமல் போயின. தண்ணீர் மட்டும் பளிச்சென்று இருந்தது.

பத்திரிகையில் வந்ததைக் கலெக்டர் ஆபீசில் வெட்டி ஒட்டி 'அறிக்கை அனுப்புக' என்று தாலுகா ஆபீசுக்கு அனுப்புவது அன்றைய வழக்கம். அங்கே ஒருவர் ஊருக்குப் போகாமல், படத்தைப் பார்த்தே அறிக்கை எழுதிவிட்டார். 'ஊரை ஒட்டி நீர்நிலை உள்ளது' என்று. லாரி நின்றது.

வாத்தியார் அந்தப் பக்கத்தை நாலாக மடித்துக்கொண்டு வந்தார்.

"எங்க ஊருக்குப் பின்னால இம்புட்டுத் தண்ணிய எப்பண்ணே கொண்டாந்து வச்சீங்க?"

பக்கத்து மேசை புரூஃப்ரீடர் எட்டிப் பார்த்தார். "அடுத்த வருசம் அழகர அங்கயே எறக்கிறலாம் போலயே மாப்ள."

வாத்தியாரும் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "லாரி வந்து ஒம்பது நாளாச்சு" என்றார்.

மறுநாள் சாதாரண லென்ஸோடு சைக்கிளில் போனேன். ஊரிலிருந்து அந்தத் தண்ணீருக்கு நாலு மைல். கரையில் நின்று ஊர் இருக்கும் திசையைப் படமெடுத்தேன். பிரிண்டில் ஊர் தெரியவில்லை. பொட்டல்தான் தெரிந்தது.

"இதுல என்னய்யா இருக்கு?" என்றார் செய்தி ஆசிரியர்.

"தூரம் இருக்கு சார்."

"தூரத்தை எப்படிய்யா பேப்பர்ல போடுறது? திருத்தம் போடலாம்னா, முதல் படம் பொய்யா?"

பொய்யில்லை என்றேன். அப்படியானால் எதைத் திருத்துவது என்று கேட்டார்.

அந்தப் பிரிண்டைத் தாலுகா ஆபீசுக்குக் கொண்டுபோனேன். கிளார்க் ஃபைலில் ஒட்டியிருந்த பத்திரிகைப் படத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இது பேப்பர்ல வந்தது. இது நீங்க கையில கொண்டாந்தது. நான் எதை சார் ஃபைல்ல வைக்க? அதோட, இதுல ஊரே இல்லையே."

ஆடிக்குள் மாடுகளை விற்றார்கள். ஆவணியில் செங்கல் சூளைகளுக்குக் குடும்பம் குடும்பமாகக் கிளம்பினார்கள். ஐப்பசியும் ஏமாற்றியது. பிள்ளைகள் இல்லாததால் பள்ளியை மூடி வாத்தியாரை நகரத்துக்கு மாற்றினார்கள். வில்லாபுரத்தில் ஒரே அறையுள்ள வாடகை வீடு பிடித்தார்.

ஒரு சாயங்காலம் அவரே அலுவலகத்துக்கு வந்தார். திட்டப்போகிறார் என்று எழுந்து நின்றேன்.

"அந்தப் போட்டோ ஒண்ணு கெடைக்குமாண்ணே? பேப்பர்ல வந்தது இல்ல, கழுவி எடுத்தது. ஓடெல்லாம் பிரிச்சு வித்துட்டாங்க. ஊர் முழுசாத் தெரியிறது அது ஒண்ணுதான்."

பெரிதாகப் போட்டுக் கொடுத்தேன். நல்ல தாளில் குடங்கள் புள்ளிகளாகத் தெரிந்தன. ஜன்னலோரம் நின்று, ஒவ்வொரு புள்ளியும் எந்த வீட்டுக் குடம் என்று சொல்லிக்கொண்டே வந்தார். தண்ணீர் இருந்த மேல் ஓரத்தைப் பிடித்திருந்தார். கட்டைவிரல் அதை மறைத்திருந்தது.

"போறேண்ணே" என்றார். வாசல் வரை அவரோடு நடந்தேன்.