மாமனார் உடைத்த வீல் கப்பு

எங்கள் வீட்டுக்குக் கார் வந்த நாளிலிருந்து என் மாமனார் என் வீட்டுக்காரரோடு பேசுவதில்லை. எழுபதுகளின் தொடக்கம் அது. வில்வண்டியையும் ஜோடி மாடுகளையும் விற்றுவிட்டு, யாரோ ஓட்டித் தேய்த்த காரை அருப்புக்கோட்டையிலிருந்து பரளச்சிக்கு ஓட்டி வந்ததுதான் இவர் செய்த குற்றம். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிடுவார்கள். "ஒம் புருசன்ட்ட கேளும்மா, கடைக்குப் பருத்திக்கொட்டை லோடு வந்துருச்சான்னு" என்பார் மாமனார். "வந்துருச்சுன்னு சொல்லு" என்பார் இவர். நடுவில் நான் சோற்றுக் கரண்டியோடு நிற்பேன். இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தது குடும்பம் நடத்தவா, தூது போகவா என்று எரிச்சலாக வரும்.

அந்த வருஷம் ஆயுத பூஜை அன்று, யாரும் கூப்பிடாமலே, மாமனார் தேங்காயும் சூடத் தட்டுமாகக் காரை நோக்கி நடந்தார். எனக்கு நெஞ்சு குளிர்ந்துபோனது. இவர் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் போய் நின்றார். மாமனார் சக்கரத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார், சூடம் காட்டினார். அப்புறம் தேங்காயை ஓங்கினார்.

வில்வண்டிக்குப் பூஜை போடும்போது சக்கரத்து இரும்புப் பட்டாவில்தான் அவர் தேங்காய் உடைப்பார். கரிசக்காட்டில் கல்லைத் தேடி எங்கே போவது? கார்ச் சக்கரத்திலோ சுற்றிலும் ரப்பர். நடுவில், கும்பாவைக் கவிழ்த்தது மாதிரி பளபளவென்றிருந்த வீல் கப்பு ஒன்றுதான் இரும்பாகத் தெரிந்தது. அதிலேயே போட்டார். தேங்காய் சரிபாதியாக உடைந்தது. கப்பு குழி விழுந்து, ஓரம் கிழிந்து, கழன்று கீழே விழுந்தது.

"அய்யோ, என்னய்யா பண்ணிட்டீங்க!" என்று கத்திவிட்டார் இவர். அத்தனை மாதம் கழித்து அப்பாவிடம் பேசிய முதல் வார்த்தை அது.

மாமனார் மத்தியானம் சாப்பிட வரவில்லை. "நான் திருச்சுழிக்கு மக வீட்டுக்குப் போறேம்மா" என்று என்னிடம் சொன்னார். "நல்ல நாளும் அதுவுமா ஒடச்சுட்டு, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இங்க இருக்க? சாயங்கால பஸ்ஸுக்குக் கெளம்பிருவேன். இனிமே அங்கனதான்." பையில் வேட்டிகளை மடித்து வைத்தார்.

இதைப் போய்ச் சொன்னதும் இவர் முகம் செத்துவிட்டது. கப்பு இல்லாமலும் கார் ஓடும் என்று இவருக்குத் தெரியாதா? "ஒண்ணும் ஆகலய்யா" என்று அப்பாவிடம் காட்ட இவருக்கு ஒரு முழுக் கப்பு வேண்டியிருந்தது.

பின்கட்டில் பருத்திக்கொட்டை மூட்டையின் மேல் கப்பைக் குப்புற வைத்து, உள்பக்கத்திலிருந்து என் பருப்பு மத்தால் தட்ட ஆரம்பித்தார். சுத்தியலால் அடித்தால் தகடு கிழிந்துவிடுமாம். "நாளைக்கு நான் பருப்பை எதை வச்சுக் கடைய? அந்தச் சுத்தியலை வச்சா?" என்றேன். இவர் தட்டிக்கொண்டே இருந்தார். குழி மெல்ல மெல்ல எழுந்து வந்தது. அம்மைத் தழும்பு மாதிரி ஒரு வடு மட்டும் நின்றுவிட்டது. கிழிந்த ஓரத்தைக் குறடால் நெருக்கினார். பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி இடுக்கில் கொடுத்து, கப்பைச் சக்கரத்தில் பொருத்தி உள்ளங்கையால் ஒரு குத்துக் குத்தினார். நின்றது. விபூதியைத் தொட்டு நான் துடைத்துப் பளபளப்பாக்கினேன். என் முகம் அதில் தெரிந்தது, கொஞ்சம் கோணலாக.

உள்ளே போய்ப் பார்த்தால் மாமனாரும் இல்லை, பையும் இல்லை.

"ஏறு" என்றார் இவர். பேசுவதற்கு ஆள் வேண்டுமே, தூதும் காரேறியது.

மெயின் ரோட்டில் வேப்பமரத்தடியில் மாமனார் நின்றுகொண்டிருந்தார். தூரத்தில் பஸ் வருவது தெரிந்தது. அந்தச் சக்கரம் அவர் பக்கம் இருக்கும்படி இவர் காரை ஒதுக்கி நிறுத்தினார். "பாருங்கய்யா, கப்புக்கு ஒண்ணுமே ஆகல" என்று இறங்கி, பெருமையாகக் கதவைச் சாத்தினார். அந்த அதிர்வுக்குக் கப்பு கழன்றது. உருண்டு போய், மாமனார் காலடியில் ஒரு சுற்றுச் சுற்றிப் படுத்தது.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. பஸ் வந்து நின்றது. "பெருசு, ஏறுங்க" என்றார் கண்டக்டர்.

மாமனார் குனிந்து கப்பை எடுத்தார். தோள் துண்டால் மண்ணைத் துடைத்தார். அந்த வடுவை விரலால் தடவினார். அப்புறம் மகனை நிமிர்ந்து பார்த்தார்.

"நீ போப்பா, எங்க வண்டி வந்துருச்சு" என்று கண்டக்டரிடம் சொன்னார். சொல்லிவிட்டு, முதல் தடவையாக அந்தக் காரில் ஏறி, முன் சீட்டில் உட்கார்ந்து, கப்பை மடியில் வைத்துக்கொண்டார்.

"மெதுவா ஓட்டுடா. இத நான் பிடிச்சுக்கிறேன்" என்றார் மகனிடம்.

வீடு வந்து சேரும்வரை இரண்டு பேரும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தார்கள். பின் சீட்டில் இருந்த என்னிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.