உடுமலை ரோட்டில் நின்றுபோன ஜெர்மன் கார்

இரண்டாயிரத்து ஏழோ எட்டோ இருக்கும். அப்போது நான் திருப்பூர் அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனி முதலாளியிடம் டிரைவராக இருந்தேன். எனக்கு அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். கல்யாணமான கையோடு நானும் மனைவியும் பிழைப்புக்காகத் திருப்பூருக்கு பஸ் ஏறியவர்கள். அவளுக்கும் அதே கம்பெனியில்தான் வேலை. தைத்து வரும் துணியில் ஓட்டை, கறை ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கும் செக்கிங் வேலை. கம்பெனிக்குப் பின்னால் வரிசையாகக் கட்டியிருந்த வீடுகளில் ஒன்றை முதலாளியே எங்களுக்கு ஒதுக்கிக் கொடுத்திருந்தார். மகளைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தோம். யோசித்துப் பார்த்தால் சம்பளம், வீடு, பிள்ளையின் படிப்பு எல்லாமே அந்த ஒரு மனிதரை நம்பித்தான் இருந்தது.

எக்ஸ்போர்ட் நன்றாக ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் முதலாளி ஒரு ஜெர்மன் கார் வாங்கினார். டீசல் வண்டி. எங்கள் ரோட்டில் அப்படி ஒரு கார் அதுதான் முதல். கதவைச் சாத்தினால் இரும்பு பீரோவைச் சாத்தியது போல கனமாக ஒரு சத்தம் வரும். கோயமுத்தூர் ஏர்போர்ட்டில் இறங்கும் வெளிநாட்டுக்காரர்களைக் கூட்டி வரும்போது எனக்கே கொஞ்சம் நிமிர்ந்து உட்காரத் தோன்றும். அந்தக் காரை நான் அப்படிப் பார்த்துக்கொண்டேன். மற்ற டிரைவர்கள் அதில் கை வைத்தால்கூட எனக்குப் பிடிக்காது.

இரண்டாவது வருஷம் அதில் ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. காலையில் முதல் தடவை ஸ்டார்ட் செய்யும்போது மட்டும், தகர டப்பாவுக்குள் சங்கிலியைப் போட்டுக் குலுக்குவது போல ஒரு கரகரப்பு. கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். முதலாளி வெளிநாடு கிளம்பிய சமயம் அது. ஏர்போர்ட்டில் அவரை இறக்கிவிட்டு, அப்படியே கோயமுத்தூர் சர்வீஸ் சென்டருக்குப் போனேன். டை கட்டிய ஒரு தம்பி வாசலில் நின்று பேசினார். போன் ஒரு கையில், சாவிக்கொத்து இன்னொரு கையில். நான் சொன்னதைப் பாதி கேட்டார்.

“டீசல் வண்டிங்க, அப்படித்தான் இருக்கும். சூடானா நின்னுருதில்லீங்க? ஒண்ணுமில்லீங்க, தைரியமா ஓட்டுங்க” என்றார்.

படித்தவர், அந்தக் கார் கம்பெனிக்காரர், அவரே சொன்ன பிறகு என்ன? வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஒன்றுமில்லை என்று சொன்ன விஷயத்தை முதலாளி வந்ததும் பெரிதாகச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

அதற்கு அப்புறம் ஒரு நாள், முதலாளியின் மனைவியையும் அவர்களுடைய சின்ன மகளையும் உடுமலைப்பேட்டையில் இருந்து கூட்டி வந்துகொண்டிருந்தேன். முதலாளியின் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். உடுமலை அவருடைய தாய்வீடு. நல்ல மத்தியான வெயில். பின்சீட்டில் இருவரும் தூங்கிவிட்டார்கள். குடிமங்கலம் தாண்டி, காற்றாலைகள் இரண்டு பக்கமும் சுற்றிக்கொண்டிருக்கும் நேர் ரோடு. வேகமாகத்தான் போய்க்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் தேங்காய் லோடு ஏற்றிய லாரி ஒன்று ஒட்டியே வந்துகொண்டிருந்தது.

திடீரென்று முன்னால் ‘மடார்’ என்று ஒரு சத்தம். அதோடு என்ஜின் நின்றுவிட்டது. மீட்டரில் இருக்கிற விளக்கெல்லாம் ஒன்றாக எரிந்தன. ஸ்டீயரிங் கல்லாகிவிட்டது. பிரேக்கை மிதித்தால் கால் உள்ளே இறங்கவே இல்லை. எதிரில் ஒரு பஸ், பின்னால் லாரி ஹாரனை விடாமல் அடிக்கிறது. இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்து உடம்பையே சாய்த்து இடது பக்கம் இழுத்தேன். பிரேக் மேல் ஏறி நின்றேன் என்றே சொல்ல வேண்டும். கார் மண்ணில் இறங்கி, உருண்டு, ஒரு புளியமரத்துக்குக் கொஞ்சம் முன்னால் நின்றது. லாரி எங்களை உரசாத குறையாகத் தாண்டிப் போனது.

அக்கா விழித்து, “என்னாச்சுங்க தம்பி?” என்றார்.

“வண்டி நின்னு போச்சுக்கா. பாப்பாவைப் பிடிச்சுக்கிட்டு அந்தப் பக்கமா இறங்குங்க.”

அவர்களை மர நிழலில் உட்கார வைத்தேன். மூன்று பேருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அந்த நிமிஷத்தில் அதுவே போதும் என்றுதான் நினைத்தேன். முருகன் காப்பாத்தினான் என்று அக்கா கையெடுத்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.

அவர்களை வேறு காரில் அனுப்பிவிட்டு, கோயமுத்தூரில் இருந்து வண்டி தூக்கும் லாரி வரும்வரை வெயிலில் காத்திருந்தேன். சாயங்காலம் கம்பெனிக்கு வந்து சேர்ந்தபோது ஆபீசில் முதலாளியும் அக்காவின் தம்பியும் உட்கார்ந்திருந்தார்கள். அந்தத் தம்பிதான் கம்பெனியின் கணக்கு வழக்கு, டீசல் செலவு எல்லாம் பார்ப்பவர். எங்களுக்கெல்லாம் அவர் சின்ன முதலாளி.

அவர் என் முகத்தைப் பார்க்காமல் முதலாளியிடம் சொன்னார். “மாமா, சர்வீஸ் சென்டருக்குப் பேசினனுங்க. என்ஜின் மொத்தமும் போச்சாம். கலப்பட டீசலா இருக்கும்னு மேனேஜர் சொல்றாருங்க. அப்படின்னா வாரண்டி கிடையாது. நம்ம கைக்காசுதான்.”

பிறகு என் பக்கம் திரும்பினார். “எங்கப்பா டீசல் போட்டே?”

“பல்லடத்துல, எப்பவும் போடுற பங்க்லதாண்ணே. பில் கொடுத்திருக்கேனே.”

“பில்லு யாரு வேணுமின்னாலும் எழுதித் தருவாங்க. கெரசின் கலந்த டீசலைப் போட்டுட்டு மிச்சத்தைப் பையில வச்சுக்கிட்டிருக்கே. இல்லீன்னா புது வண்டி எதுக்கு நிக்குது?”

முதலாளியைப் பார்த்தேன். அவர் மேஜை மேல் இருந்த துணி சாம்பிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் செய்தேன் என்றும் சொல்லவில்லை, செய்திருக்க மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கடைசியில், “நாளைக்கு என்ஜினைப் பிரிக்கறாங்க. நீயும் வா” என்றார். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். புது என்ஜின் விலைக்கு எங்கள் ஊரில் ஒரு வீடே கட்டலாம். அது என் தலையில் விழாது, நான் கட்டவும் முடியாது. ஆனால் கெரசின் திருடன் என்று பெயர் விழுந்தால் திருப்பூரில் வேறு எந்தக் கம்பெனியிலும் ஸ்டீயரிங்கைத் தொட விடமாட்டார்கள். முதலாளிமார் எல்லாரும் ஒருவருக்கொருவர் சொந்தம், இல்லாவிட்டால் பழக்கம்.

“பேசாம ஊருக்குப் போயிருவோமா? விடியவும் கிளம்பிட்டா அசிங்கப்படாமப் போயிரலாம்” என்றேன்.

அவள் மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். “நீங்க செஞ்சீங்களா?”

“என்ன கேள்வி இது?”

“செய்யலைல்ல? அப்ப எதுக்குப் போகணும்? இன்னைக்குப் போனா நீங்கதான் செஞ்சீங்கன்னு நாமளே எழுதிக் கொடுத்த மாதிரி. அவுங்க போகச் சொல்லட்டும், அப்பப் போவோம்.”

எனக்கு அவள்மேல் கோபம்தான் வந்தது. ஆனால் மறுநாள் காலையில் குளித்து, துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு முதலாளி வீட்டு வாசலில் போய் நின்றேன். சின்ன முதலாளிதான் தன்னுடைய காரை ஓட்டினார். நான் பின்னால் உட்கார்ந்தேன். நாலு வருஷமாக அந்த வீட்டுக்கு வண்டி ஓட்டுகிறேன், பின்சீட்டில் உட்கார்ந்து போனது அன்றைக்குத்தான்.

சர்வீஸ் சென்டரில் எங்கள் கார் முன்பக்கம் திறந்து கிடந்தது. மேனேஜர் வயதானவர், கண்ணியமாகத்தான் பேசினார். டீசலை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பலாம், ஆனால் தன்னுடைய அனுபவத்தில் இது கலப்படத்தால் வருகிற கோளாறுதான், இந்த என்ஜின் இப்படி நிற்கிற என்ஜின் இல்லை என்றார். சின்ன முதலாளி தலையை ஆட்டிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

எப்படியோ தைரியம் வந்தது. “சார், காலையில ஸ்டார்ட் பண்றப்ப ஒரு சத்தம் வந்துச்சு. நான் முன்னாடியே இங்க வந்து சொன்னேன்” என்றேன்.

“யார்கிட்டச் சொன்னீங்க?”

நான் திரும்பிப் பார்த்தேன். டை கட்டிய அந்தத் தம்பி கொஞ்சம் தள்ளி, இன்னொரு வண்டிப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். நாங்கள் பேசுவது அவருக்குக் கேட்கிறது. என்னைப் பார்த்ததும் கண்ணை எடுத்துக்கொண்டார். அவர்தான் என்று கை காட்டிச் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அன்றைக்கு அவர் எதையும் எழுதி வைக்கவில்லை. பார்த்தவர்களும் யாரும் இல்லை. ‘இவரை எனக்குத் தெரியாதே’ என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால், நான் திருடன் மட்டுமில்லை, பொய்யனும் ஆகிவிடுவேன்.

“பேர் தெரியலீங்க சார்” என்றேன்.

சின்ன முதலாளி சிரித்தார். “பாத்தீங்களா மாமா?”

மேனேஜரும், வண்டி நின்ற பிறகு எல்லா டிரைவரும் சொல்வதுதான் இது என்கிற மாதிரி கையை விரித்தார். முதலாளி வாசலைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். மனசுக்குள் பெட்டியைக்கூடக் கட்ட ஆரம்பித்துவிட்டேன்.

அப்போதுதான், “சார், ஒரு நிமிஷமுங்க” என்று ஒரு குரல்.

டை கட்டிய தம்பி வந்து மேனேஜருக்கும் எங்களுக்கும் நடுவில் நின்றார். முகமெல்லாம் வேர்த்திருந்தது. “இவரு எங்கிட்டத்தான் வந்து சொன்னாருங்க. சங்கிலி குலுங்கற மாதிரி சத்தம் வருதுன்னு சரியாத்தான் சொன்னாரு. நான்தான் வண்டியைத் திறந்துகூடப் பாக்காம ஒண்ணுமில்லைன்னு அனுப்பிச்சுட்டேன். அன்னைக்கே பாத்திருந்தா என்ஜின் தப்பிச்சிருக்குமுங்க. டீசலைக் குறை சொல்றதுக்கு முந்தி முன் கவரைக் கழட்டி டைமிங் செயினைப் பாத்துரலாமுங்க சார்.”

மேனேஜர் அவரைப் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஆனால் முதலாளி திரும்பி வந்துவிட்டார். “கழட்டுங்க. நாங்க இங்கயே இருக்கறோம்” என்றார்.

கழற்றினார்கள். என்ஜினுக்குள் ஓடும் அந்தச் செயினை இறுக்கமாகப் பிடித்திருக்க வேண்டிய பாகம் தேய்ந்து உடைந்து கிடந்தது. அதனால் செயின் தளர்ந்து, ஓடுகிற ஓட்டத்தில் சக்கரத்தின் பல் தாண்டி, உள்ளே ஒன்றோடு ஒன்று மோதி எல்லாம் வளைந்திருக்கிறது. மெக்கானிக் ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் வைத்தார். அதற்கும் டீசலுக்கும் சம்பந்தமே இல்லை. இதே மாதிரி வேறு சில வண்டிகளிலும் வந்திருக்கிறது என்று அப்புறம் மேனேஜரே மெதுவாக ஒத்துக்கொண்டார். கார் கம்பெனியில் இருந்து ஆள் வந்து பார்த்து, வாரண்டியிலேயே என்ஜினை மாற்றிக் கொடுத்தார்கள்.

அந்தத் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு என்ன தோன்றியது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். பசித்தது. முந்தின நாள் மத்தியானத்தில் இருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை என்பதே அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

திரும்பும்போது அவினாசி ரோட்டில் ஒரு ஓட்டலில் நிறுத்தினார்கள். சின்ன முதலாளி போன் பேசப் போவதாகச் சொல்லி வெளியே நின்றுகொண்டார். முதலாளி என்னைத் தன் எதிரில் உட்காரச் சொன்னார். இலை போட்ட பிறகும் அவர் கை வைக்கவில்லை. “நேத்து மாப்ள பேசறப்ப நான் உனக்கு ஒரு வார்த்தை பேசியிருக்கோணும். எம் பொண்டாட்டி பிள்ளையக் காப்பாத்திக் கொண்டாந்து விட்டவன் நீயி. பேசாம உக்காந்துட்டேன் பாரு” என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. “பரவால்லண்ணே, சாப்பிடுங்க” என்று மட்டும் சொன்னேன். சின்ன முதலாளி என்னிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒரு நாளும் என்னிடம் டீசல் பில் பற்றி ஒரு கேள்வி கேட்டதில்லை.

அன்று நாங்கள் வந்து சேர்ந்தபோது மனைவி ஷிப்ட்டில் இருந்தாள். செக்கிங் டேபிளுக்குப் போய், “ஊருக்குப் போக வேண்டியதில்ல” என்றேன். அவள் கையில் இருந்த பனியனை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். பிறகு, இது ஷிப்மென்ட் பீஸ் என்று ஞாபகம் வந்து, கறை பட்டிருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தாள். பக்கத்து டேபிள் பெண்கள் எல்லாம் சிரித்தார்கள்.

வண்டியை டெலிவரி எடுக்கப் போனபோது டை கட்டிய அந்தத் தம்பியைத் தேடிப் பிடித்தேன். வேலை போய்விட்டதோ என்று எனக்குப் பயம். போகவில்லை. மேனேஜர் கண்டபடி திட்டினாராம், சம்பள உயர்வை நிறுத்தி வைத்துவிட்டார்களாம். நான் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னேன். அவருக்குக் கூச்சமாகிவிட்டது.

“நீங்க என்னையப் பாத்தீங்க. பேர் தெரியலைன்னு சொல்லிட்டீங்க. கை காட்டியிருந்தீங்கன்னா நான் இல்லைன்னுதான் சொல்லியிருப்பேனுங்க, நெசமாலுமே. நீங்க காட்டாம விட்டதாலதான் எனக்குச் சும்மா நிக்க முடியலை” என்றார்.

பயத்தில்தான் காட்டவில்லை என்று நான் அவரிடம் சொல்லிவிட்டேன். இரண்டு பேருமே சிரித்தோம்.

இப்போது சொந்தமாக ஒரு வேன் வாங்கி பெருமாநல்லூர் பக்கம் தையல்காரர்களை ஏற்றி இறக்குகிறேன். மகளுக்குக் கல்யாணமாகி திருப்பூரிலேயே இருக்கிறாள். உண்மை எப்படியும் ஒரு நாள் தானாக வெளியே வந்துவிடும் என்று யாராவது ஆறுதல் சொல்லும்போது என்னால் சும்மா தலையாட்ட முடிவதில்லை. என் விஷயத்தில் அது தானாக வரவில்லை, பேசாமல் நின்றிருந்தாலே தப்பித்திருக்கக்கூடிய ஒருவர் வேர்க்க வேர்க்க நடந்து வந்து சொன்னதால்தான் வந்தது.