கெங்கம்மாளின் மஞ்சள் கட்டங்கள்

திண்டிவனம் கெங்கம்மாள் கையில் சிக்கிய வெள்ளைத்துணி வெள்ளையாகத் திரும்பியதில்லை. புருஷனுடைய வேட்டிகளைச் சாயவாளியில் முக்கி, பட்டை பட்டையாகக் கிழித்து, சின்னச் சதுரம் ஒன்றைச் சுற்றி வரிசையாகத் தைத்துக் கட்டமாக்கி, கட்டங்களைச் சேர்த்து மெத்தை விரிப்பாக்கிவிடுவாள். அந்த மனுஷன் இப்போது கல்யாணத்துக்கே லுங்கியில்தான் போகிறார். கேட்டால், "காத்தோட்டமா கீதுப்பா" என்பார்.

இந்த முறை விஷயம் பெரிது. விழுப்புரத்தில் கட்டிக்கொடுத்த மகள் கலைப்பிரியாவுக்கு வளைகாப்பு. முடிந்த கையோடு அவளைப் பிரசவத்துக்கு அழைத்து வர வேண்டும். சம்பந்தி பெரியசாமியோ, "கொயந்த இங்கதான் பொறக்கணும். தலைவரே வந்து பேர் வைக்கப் போறாரு" என்று ஒரே பிடியாக நின்றார். அவர் கட்சிக்கொடி மஞ்சளும் பச்சையும். எதிர்க்கட்சிக்குச் சிவப்பும் பச்சையும்.

ஆளைக் குளிர்விக்க, கெங்கம்மாள் கொடி நிறத்திலேயே ஒரு விரிப்புத் தைத்தாள். பச்சைச் சாயப்பொடி கிடைத்தது. மஞ்சள், கடையில் தீர்ந்துபோயிருந்தது. அதற்கெல்லாம் அசருகிற ஆளா? சமையல் மஞ்சள்தூளைக் கொதிக்கவிட்டுப் பட்டைகளை முக்கினாள். யாரிடமும் மூச்சு விடவில்லை.

வளைகாப்பு முடிந்து, கலந்த சாதமெல்லாம் காலியான பிறகு விரிப்பைக் கட்டிலில் போட்டாள். பெரியசாமி சொக்கிப்போனார். உடனே கட்சிக்காரர்களுக்குப் போன்.

"ஜல்தியா வாங்கப்பா! நம்ம கொடியவே மெத்தையில தச்சிக் குட்த்துக்கீறாங்க சம்மந்திம்மா!"

மருமகளை அனுப்புவது பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை.

பேசிய வேகத்தில் கையிலிருந்த காபி விரிப்பில் கொட்டியது. அவர் மனைவி ராஜாமணி ஓடிவந்து ஈரத்துணியில் சோப்பைக் குழைத்து அழுத்தித் தேய்த்தாள். காபி போயிற்று. கூடவே மஞ்சளும் போய், தேய்த்த கட்டமெல்லாம் ஆரத்தித் தட்டு மாதிரி செக்கச்செவேல்!

"அடிப்பாவி! எதிர்க்கட்சி ஆக்கிட்டியேடி!"

"நான் இன்னா பண்ணேன்? தொட்டதும் அது கட்சி மாறுது!"

"பசங்க வந்துக்கினு இருக்கானுங்க. பாத்தா, நான்தான் தாவப்போறேன்னு ஊரெல்லாம் பேஜாரு பண்ணுவானுங்களே!"

கெங்கம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. சுண்ணாம்புக்கும் சோப்புக்கும் சிவக்கிற மஞ்சள், புளிப்புப் பட்டால் பழையபடி ஆகிவிடும். ராஜாமணிக்கும் தெரிந்த சங்கதிதான். ஆனால் அவள் இதைக் கடைச்சாயம் என்றல்லவா நினைத்திருந்தாள்!

"எலுமிச்சம்பழம் குடுங்க, மஞ்சளாக்கிடுறேன்."

"வூட்ல கீறதெல்லாம் எடுத்துக்கோங்கம்மா! ஜல்தி!"

கெங்கம்மாள் பழத்தை நறுக்கினாள். பிழியவில்லை.

"கையி நடுங்குதுங்க. பொண்ண இங்கியே வுட்டுட்டுப் போறோமேன்னு நெனச்சா பிழிய வரமாட்டேங்குது."

வாசலில் பைக் சத்தம்.

"கூட்டிக்கினு போங்கம்மா! தலைவர நான் திண்டிவனத்துக்கே இட்டாறேன்! பிழிங்க!"

உள்ளறையில் பையின் ஜிப்பை இழுக்கும் சத்தம் கேட்டது. கலைப்பிரியா அப்பவே ரெடி.

கட்சிக்காரர்கள் நுழைந்தபோது விரிப்பு பழையபடி மஞ்சளும் பச்சையுமாக இருந்தது. வாசனைதான் காட்டிக்கொடுத்தது.

"இன்னாண்ணே, எலுமிச்சஞ்சாதம் கமகமங்குது! எங்களுக்குன்னு எட்த்து வச்சீங்களா?"

பெரியசாமி, "ஆமாம்ப்பா, குந்துங்க" என்றார்.

தாயும் மகளும் திண்டிவனம் பஸ்ஸில் ஏறியபோது, ராஜாமணி மறுபடி உலை வைத்துக்கொண்டிருந்தாள். பெரியசாமி எலுமிச்சம்பழம் தேடிக் கடை கடையாக அலைந்துகொண்டிருந்தார்.